ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே: ஒரு டெஸ்டோஸ்டிரோன் டோஸைத் திருத்திய கதை

47 வயதுக்காரர். உள்ளே வந்து உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, அதில் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண். ஊசி போட்டுக்கொண்ட நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். இரண்டரை வருடக் கணக்கு அது.

"டாக்டர், வாரத்துக்கு 250 போடுகிறேன். அதுவும் போதவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா?"

நோட்டுக்குப் பக்கத்திலேயே அவருடைய ரத்தப் பரிசோதனை அறிக்கை கிடந்தது. ஹீமாட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 56 சதவீதம். சிகிச்சை தொடங்கும் முன் அது 43. ஆறாத களைப்பு, மூட்டுவலி, முதுகு முழுக்கப் பரு, கணுக்காலில் வீக்கம், ரத்த அழுத்தம் 148/94. எந்த ஆசைக்காக ஊசியைத் தொடங்கினாரோ அந்தத் தாம்பத்திய ஆசையும் மறுபடி காணாமல் போயிருந்தது. இத்தனைக்கும் மருந்து குறைவாக இருப்பதுதான் காரணம் என்று அவர் மனதார நம்பினார்.

நோய் நிச்சயத்தில் கோளாறு இல்லை

இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது, இவருக்கு இந்த மருந்து தேவைதானா என்பதை. மதியத்தில் எடுத்த ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை நம்பித் தொடங்கியவர்கள் நிறைய. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பகலில் இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். அதனால்தான் வெறும் வயிற்றில், காலையில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்கிறோம்.

இவருக்கு அது சரியாகவே நடந்திருந்தது. இரண்டு காலைகளில் 168, 182. (ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு. இனி எண்ணை மட்டும் தருகிறேன்.) விரைகளைத் தூண்டும் ஹார்மோன்களான எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் நன்றாக ஏறியிருந்தன. அதாவது மூளையடிச் சுரப்பி குரல் கொடுத்தும் விரைகளால் பதில் சொல்ல முடியவில்லை. 19 வயதில் பொன்னுக்குவீங்கி வந்து இரண்டு விரையும் வீங்கிப் படுக்கையில் கிடந்ததாகச் சொன்னார். விரைகள் இரண்டும் சிறுத்திருந்தன. குரோமோசோம் பரிசோதனை இயல்பு. குழந்தை பற்றிய பேச்சு அந்தத் தம்பதிக்கு என்றோ முடிந்துபோனது. அப்படி முடிந்திருக்காவிட்டால் இந்த ஊசியையே நான் கையில் எடுக்கமாட்டேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் எல்எச், எஃப்எஸ்எச் அடங்கிவிடும், மிச்சமிருக்கும் விந்தணு உற்பத்தியும் அதோடு நின்றுபோகும்.

ஆக, மருந்து தேவைதான். எவ்வளவு என்பதில்தான் வழி தவறியிருந்தது.

எண் ஏறியது எப்படி

முதலில் அவருக்குக் கொடுத்தது மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் ஈனாந்தேட். நோட்டின் முதல் பக்கங்களைப் புரட்டினேன். சிவப்பு வட்டத்துக்கு அடுத்த நாள் 7, அப்புறம் 9, 9, 8. பத்தாம் நாள் வாக்கில் 6. பதினாறாம் நாள் 4. இருபதாம் நாள் 2, பக்கத்தில் "எரிச்சல், பேசவே பிடிக்கவில்லை" என்று ஒரு குறிப்பு. அடுத்த நாள் மறுபடி சிவப்பு வட்டம், மறுபடி 8, 9. அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் அலை அலையாக வரும்.

அந்த அலைக்குப் பின்னால் இருப்பது எளிய கணக்கு. ஈனாந்தேட் ஊசி தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் வேகத்தை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ நாலரை நாளுக்கு ஒருமுறை அது பாதியாகிறது. ஏழு நாளில் மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கும். இருபத்தொரு நாளில் மீதி இருப்பது இருபத்தைந்தில் ஒரு பங்குதான். முதல் சில நாள் இயல்பின் எல்லையைத் தாண்டி நிற்பார், கடைசி வாரம் சிகிச்சையே எடுக்காதவர் போல இருப்பார்.

ரத்தம் எடுத்த நாளும் பார்த்துத்தான் அமைந்தது. அடுத்த ஊசி போடும் நாள் காலையில், போடுவதற்குச் சற்று முன்பு. விடை 205. அந்தத் தாளை மட்டும் பார்த்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: டோஸ் போதவில்லை. அதே 250 மி.கி., மூன்று வாரத்திலிருந்து பத்து நாளாக நெருங்கியது. சில மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் பத்து நாளும் நீளமாகத் தெரிய ஆரம்பித்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு நண்பர் "வாரா வாரம் போட்டால்தான் பிடிக்கும்" என்று சொல்ல, அவராகவே வாரம் ஒன்றாக்கிக்கொண்டார்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். நலமான ஆணின் உடல் ஒரு நாளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ 5 முதல் 7 மி.கி. ஊசி மருந்தின் எடை முழுவதும் டெஸ்டோஸ்டிரோன் அல்ல. அதோடு ஒட்டியிருக்கும் கொழுப்பு அமிலத்தின் எடையும் சேர்ந்தது அது. 100 மி.கி. ஈனாந்தேட்டில் 72 மி.கி.தான் ஹார்மோன். சிபியோனேட் என்ற இன்னொரு வகை ஊசியில் சுமார் 70. அப்படியானால் வாரம் 250 மி.கி. என்பது நாளுக்கு 26 மி.கி. வரை போகிறது, உடல் தானாகச் சுரப்பதைப் போல நான்கு மடங்கு. ஆனால் அவருடைய பழைய டோஸ், அந்த மூன்று வாரத்துக்கு ஒரு 250 இருக்கிறதே, அதைப் பிரித்தால் நாளுக்கு எட்டரை மி.கி. வருகிறது. தாராளமான அளவு. முதல் நாளிலிருந்தே அவருக்கு மருந்தின் அளவில் குறை இருந்ததில்லை. இடைவெளிதான் நீளம். இடைவெளியில் இருந்த பழுதுக்கு அளவைக் கூட்டிக்கூட்டி வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வந்தது. மார்புக்காம்பில் வலி வந்தது. டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பங்கு உடலில் எஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோனாக மாறும், டோஸ் கூடினால் அதுவும் கூடும். அதைக் குறைக்க அனஸ்ட்ரோசோல் மாத்திரை சேர்ந்தது. எஸ்ட்ரடயால் மிகக் கீழே போய் மூட்டுவலி வந்தது. ஆசையும் போனது. ஆண்களுக்கும் எஸ்ட்ரடயால் வேண்டும் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. 2013-ல் ஃபிங்கல்ஸ்டைன் குழு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: எஸ்ட்ரடயாலை மருந்தால் தடுத்த ஆண்களுக்கு உடல் கொழுப்பு கூடியது, பாலுணர்வும் குறைந்தது. ஹீமாட்டோக்ரிட் ஏறியதும் மூன்று முறை ரத்தம் எடுத்துக் குறைத்திருக்கிறார்கள். அதில் உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு காலியானது. என்னிடம் வந்தபோது அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11. அவருடைய களைப்பில் ஒரு பெரிய பங்கு அதனுடையது. அந்தக் களைப்புக்குத்தான் இன்னும் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோன் கேட்டு வந்திருந்தார்.

ஒன்பது வாரம் நிறுத்தி வைத்தது

ஏழாம் நாள் காலையில், அதாவது வாரத்தின் ஆகக் குறைந்த புள்ளியில், அவருடைய டெஸ்டோஸ்டிரோன் 1120. உடல் பருமன் இல்லாத இளம் ஆண்களுக்கான இயல்பு எல்லை 264 முதல் 916 வரை. பள்ளமே எல்லைக்கு மேல் நிற்கிறது என்றால் சிகரம் எங்கே இருந்திருக்கும்!

ஹீமாட்டோக்ரிட் 54-ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டும், இறங்கிய பிறகு குறைந்த டோஸில் தொடங்க வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி மறுபடி பார்த்தோம், 55. புகைப்பழக்கம் இல்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதித்ததில் லேசாக இருந்தது, இந்த அளவு ஏற்றத்தை அது விளக்காது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுவை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபாய்ட்டினைத் தூண்டுகிறது, கல்லீரலில் உண்டாகி இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடினை அடக்குகிறது. இரண்டும் சேர்ந்து சிவப்பணு உற்பத்தியை முடுக்கிவிடும். ஊசியில் ஏற்படும் உயரமான சிகரங்களால் இது தோலில் தடவும் ஜெல்லைவிட அதிகம் நடக்கிறது.

மறுபடி ரத்தம் எடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏற்கெனவே இரும்பு இல்லை, ரத்தம் உறைந்த அறிகுறியும் எதுவும் இல்லை, காரணத்தை நிறுத்திவிட்டோம். அதேபோல் இரும்பு மாத்திரையும் உடனே கொடுக்கவில்லை. ஹீமாட்டோக்ரிட் 55-ல் நிற்கும்போது இரும்பை ஊட்டினால் அது நேராகச் சிவப்பணுவாகப் போய்ச் சேரும். அனஸ்ட்ரோசோலையும் அன்றே நிறுத்தினோம்.

அந்த ஒன்பது வாரம் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அது எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்பதை நான் முன்கூட்டியே போதுமான அளவு சொல்லவில்லை. அது என் தவறு, இதை எழுதும்போதும் உறுத்துகிறது. மாதக்கணக்காக ஆயிரத்துக்கு மேல் இருந்து பழகியவர் இருநூறுக்குக் கீழே வரும்போது சறுக்கலின் ஆழம் இரட்டிப்பாகத் தெரியும். நோட்டில் மூன்றாம் வாரத்திலிருந்து 2, 1, 2. அவர் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, "டாக்டர், இப்படியே விட்டுவிடப் போகிறீர்களா?" என்று கேட்டார். இன்று என்றால் முதல் நாளே இருவரையும் உட்காரவைத்து, எத்தனை வாரம், எப்படி இருக்கும், எப்போது முடியும் என்று தேதி போட்டுச் சொல்வேன்.

சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். அது மெதுவாகத்தான் இறங்கும். ஒன்பதாம் வாரம் ஹீமாட்டோக்ரிட் 49 ஆனது. தொடங்கலாம் என்று முடிவு செய்தோம்.

80 என்ற எண்

எந்த டோஸில் தொடங்குவது? ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டுதல் வாரம் 75 முதல் 100 மி.கி., அல்லது இரண்டு வாரத்துக்கு 150 முதல் 200 மி.கி. என்கிறது. இரண்டு ஊசிகளுக்கு நட்டநடுவில் ரத்தம் எடுத்தால் 350-க்கும் 600-க்கும் இடையே இருக்க வேண்டும். அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 450 முதல் 600 வரை என்கிறது. இரண்டிலுமே இலக்கு இயல்பின் நடுப்பகுதிதான், உச்சி அல்ல.

ஏன் உச்சி இல்லை என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2001-ல் பாசின் குழு வெளியிட்ட ஆய்வை வைத்துப் பதில் சொன்னேன். நலமான 61 இளைஞர்களின் சொந்தச் சுரப்பை மருந்தால் அடக்கிவிட்டு, வாரம் 25, 50, 125, 300, 600 மி.கி. என்று ஐந்து பிரிவாக 20 வாரம் ஈனாந்தேட் கொடுத்தார்கள். அடுத்த ஊசிக்கு முந்தைய அளவு சராசரியாக 253, 306, 542, 1345, 2370. டோஸ் ஏற ஏறத் தசை கூடியது. ஹீமோகுளோபினும் கூடியது, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் குறைந்தது. ஆனால் பாலுறவுச் செயல்பாட்டிலும் மனநிலையிலும் டோஸுக்கு டோஸ் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. எந்தக் குறைக்காக இவர் வந்தாரோ அது நடு அளவிலேயே தீர்ந்துவிடக்கூடியது. அதற்கு மேல் ஏற்றினால் கிடைப்பது தசையும் கெட்டியான ரத்தமும்.

2023-ல் முடிவு வெளியான டிராவர்ஸ் ஆய்வையும் அவர் கேள்விப்பட்டிருந்தார். "இதயத்துக்கு ஆபத்தில்லை என்று நிரூபித்துவிட்டார்களே" என்றார். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதில் கொடுத்தது ஜெல், 350-க்கும் 750-க்கும் இடையே நிறுத்திவைத்த அளவில். அந்த அளவிலும் நுரையீரலில் ரத்தக்கட்டி, இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஆகியவை சற்று அதிகம் வந்தன. அந்த ஆய்வு தரும் நிம்மதி வாரம் 250 மி.கி. போடுகிறவருக்குச் சொந்தமில்லை.

ஜெல்லுக்கே மாறலாமா என்றும் யோசித்தோம். ஒரு நாளைக்கு 50 மி.கி. ஜெல் என்றால் பயந்துவிட வேண்டாம், தோல் வழியாக உள்ளே போவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, 5 மி.கி. அதனால் ஜெல்லின் மில்லிகிராமையும் ஊசியின் மில்லிகிராமையும் ஒப்பிடவே கூடாது. அவர் வீட்டில் கைக்குழந்தையாக ஒரு பேரன். தோளில் தூக்கிவைத்துக்கொள்ளும் பழக்கம். ஜெல் குழந்தையின் தோலில் ஒட்டும் என்பதால் அதைக் கைவிட்டோம். அண்டெகனோயேட் நீண்டகால ஊசியும் இருக்கிறது. 1000 மி.கி., ஆறு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. அதில் அளவைத் தொடாமல் இடைவெளியைத்தான் நகர்த்துவோம். ஆனால் ஹீமாட்டோக்ரிட் எகிறியவருக்கு, போட்டால் மூன்று மாதம் திரும்ப எடுக்க முடியாத மருந்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் வாரம் 80 மி.கி. சிபியோனேட் என்று முடிவு செய்தோம். ஹார்மோன் கணக்கில் நாளுக்கு 8 மி.கி. அவரிடம் நோட்டை வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். மூன்று வாரத்துக்கு 250 என்பதை மூன்றால் வகுத்தால் 83. தொடங்கிய இடத்துக்கே வந்திருந்தோம், ஒரே ஊசியாக இருந்ததை மூன்றாகப் பிரித்து. அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்பூல் தீர்மானிக்கும் டோஸ்

ஈனாந்தேட் பெரும்பாலும் 1 மி.லி.யில் 250 மி.கி. உள்ள கண்ணாடி ஆம்பூலாக வருகிறது. உடைத்தால் மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. வாரம் 80 எழுதினாலும் 170-ஐக் கொட்ட மனம் வராது, முழுசாக ஏற்றிக்கொள்வார்கள். 250 என்ற எண் இத்தனை பேர் வாயில் புழங்குவதற்கு மருத்துவக் காரணத்தைவிட அந்த ஆம்பூலின் கொள்ளளவு பெரிய காரணம் என்று எனக்குப் பலகாலமாக ஒரு எண்ணம். டோஸ் எழுதுகிறவர், அது எந்த வடிவில் நோயாளியின் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதனால் ரப்பர் மூடியுள்ள வயலாக, ஒரு மி.லி.க்கு 200 மி.கி. உள்ளதை எழுதினேன். 80 மி.கி. என்றால் 0.4 மி.லி. ஒரு மி.லி. சிரிஞ்சில் பேனாவால் 0.4 கோட்டுக்கு மேல் ஒரு கீறல் போட்டுக் காட்டினேன். மருந்து எண்ணெயில் கரைந்தது, மெல்லிய ஊசியில் மெதுவாகத்தான் ஏறும். வயலை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடுபடுத்திக்கொண்டால் எளிதாக வரும். தொடையின் வெளிப்பக்கம், வாரம் மாற்றி வாரம் இடம் வலம். வியாழக்கிழமை என்று நாள் வைத்துக்கொண்டார்.

ரத்தம் எடுக்கும் நாளையும் அதோடு சேர்த்தே எழுதிக் கொடுத்தேன்: திங்கட்கிழமை காலை. இரண்டு வியாழனுக்கு நடுவில் அதுதான் வரும்.

அதன் பிறகு

எட்டாம் வாரம் திங்கட்கிழமை எடுத்ததில் 512. நோட்டில் 6, 6, 5, 6, 7, 6. அலை அடங்கியிருந்தது. ஆனால் 9 எங்கும் இல்லை, அதுதான் அவர் குறை. "100 ஆக்கிப் பார்க்கலாமா?" என்றார்.

பொறுக்கச் சொன்னேன். இந்த மருந்தின் பலன்கள் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆசை மூன்று முதல் ஆறு வாரத்தில் திரும்பும். விறைப்பு சீராக ஆறு மாதம்கூட ஆகலாம். தசை, கொழுப்பு மாற்றம் மூன்று நான்கு மாதத்தில் தெரியத் தொடங்கி ஒரு வருடம் வரை போகும். எலும்புக்கு அதைவிட நீளம். ஹீமாட்டோக்ரிட்டும் உடனே உச்சத்தைத் தொடாது, ஒன்பது பன்னிரண்டு மாதம் வரை ஏறிக்கொண்டிருக்கும். எட்டாம் வாரத்தில் டோஸைக் கூட்டினால் இன்னும் வராத பலனுக்காக, இன்னும் வராத கெடுதலையும் சேர்த்துக் கூட்டுகிறோம். அதோடு அந்தப் பழைய 9 நலமான மனிதனின் 9 அல்ல, ஊசியின் மூன்றாம் நாள் சிகரம் அது.

ஏழாம் மாதம்: டெஸ்டோஸ்டிரோன் 495, ஹீமாட்டோக்ரிட் 46.5, ரத்த அழுத்தம் 128/80, எச்டிஎல் 28-லிருந்து 41. புராஸ்டேட் சுரப்பியைக் கண்காணிக்கும் பிஎஸ்ஏ 0.8-லிருந்து 0.9, கவலையில்லை. (முதல் வருடத்தில் தொடக்க அளவைவிட 1.4-க்கு மேல் கூடினாலோ, 4-ஐத் தாண்டினாலோ சிறுநீரியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.) ஃபெரிட்டின் சாப்பாட்டிலேயே 38-க்கு வந்துவிட்டது. மூட்டுவலி இல்லை, மார்புக்காம்பு வலி இல்லை. ஆசை திரும்பியது என்பதை அவர் சொல்லவில்லை, கூட வந்திருந்த மனைவி சிரித்ததில் தெரிந்தது. மாலை நேரக் களைப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. பேசிப் பார்த்ததில் அவர் தூங்குவதே ஐந்து மணி நேரம். அதை ஊசியால் தீர்க்க முடியாது என்பதை இந்த முறை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதினான்காம் மாதம் ஹீமாட்டோக்ரிட் 50.5 என்று வந்தது. 54 இன்னும் தூரம்தான், ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பது பிடிக்கவில்லை. 70 மி.கி. ஆக்கலாம், 0.35 மி.லி. என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நோட்டை எடுத்து அந்த வியாழக்கிழமைக்கு நேரே "0.35" என்று எழுதிக்கொண்டார், பன்னிரண்டு வாரம் எண்ணி ஒரு திங்கட்கிழமையைச் சிவப்பில் வட்டமிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை வந்த அறிக்கையில் ஹீமாட்டோக்ரிட் 48, டெஸ்டோஸ்டிரோன் 440. அன்றைய வரியில் மதிப்பெண் 7.